ஏணி திரும்பி வராத காரணம்

எந்நாளும் என் மரியாதைக்குரிய அத்தான் அவர்களுக்கு,

உங்கள் மைத்துனன் இரு கை கூப்பி எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கள் தங்கையும் குழந்தைகளும் ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம். அங்கே நீங்களும் அக்காவும் அப்படியே இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உங்களுக்கு ரத்தக்கொதிப்பு இருப்பதால் இந்தக் கடிதத்தை மாத்திரை போட்டுக்கொண்ட பிறகு, முதுகுக்குத் தலையணை வைத்துக்கொண்டு, நிறுத்தி நிறுத்திப் படிக்கும்படி பணிவாகக் கேட்டுக்கொள்கிறேன். இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாமே என்பீர்கள். புதன்கிழமையிலிருந்து என் போனை நீங்கள் எடுப்பதில்லை. இன்று வெள்ளி. ஆகவே எழுதுகிறேன்.

உங்கள் விமான நிலையத்து ஏணி எங்கே என்பதுதான் உங்கள் முதல் கேள்வி என்று அக்கா சொன்னாள். கவலையே வேண்டாம், அது பத்திரமாக இருக்கிறது. உங்கள் ஊருக்கும் என் ஊருக்கும் நடுவே, ரயில்வே கேட்டுக்கு இந்தப் பக்கம், உயரமான வண்டிகள் போகாமலிருக்கக் குறுக்கே போட்டிருக்கிறார்களே ஒரு இரும்புச் சட்டம், அதன் அடியில் செருகிக்கொண்டு நிற்கிறது. யாராலும் திருட முடியாது. நம்மாலேயே எடுக்க முடியவில்லை.

அது அங்கே எப்படிப் போனது என்று கேட்டால், நடந்ததை முதலிலிருந்து சொன்னால்தான் என் பக்கத்து நியாயம் உங்களுக்கு விளங்கும். நான் ஒரு விமான நிலையத்துக்கு மேனேஜர், நீங்கள் ஒன்றுக்கு மேனேஜர். உங்கள் தங்கையை நான் கட்டியிருக்கிறேன், என் அக்காவை நீங்கள் கட்டியிருக்கிறீர்கள். நடுவில் அறுபது கிலோமீட்டர். உங்களுக்கு வாரத்தில் நாலு விமானம், எனக்கும் நாலு; அதில் பாதி வானத்தில் ஒரு மேகத்தைப் பார்த்தால் வராது. இப்படி இரண்டு நிலையங்களை வைத்துக் கட்டி மேய்க்க முடியாது, ஒன்றை மூடிவிடலாம் என்று தலைமை அலுவலகம் மூன்று வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்த நேரத்தில்தான் இந்த மலிவு விலை விமானக் கம்பெனி வந்து சேர்ந்தது. நம் இரண்டு பேரில் ஒருவருடைய நிலையத்தைத் தன் தளமாக வைத்துக்கொள்ளப் போகிறது என்றார்கள். தளம் என்றால் ஆறு விமானங்களுக்கு வீடு மாதிரி; காலையில் அங்கிருந்து கிளம்பி ஊரெல்லாம் சுற்றிவிட்டுத் திரும்ப அங்கேயே வந்து படுக்கும். தளம் கிடைக்கிற நிலையம் பிழைத்தது. கிடைக்காத நிலையத்தின் ஓடுபாதையை டிரைவிங் ஸ்கூலுக்கு வாடகைக்கு விடப் போவதாகத் தலைமை அலுவலகம் எழுத்து மூலமாகவே சொல்லிவிட்டது. உங்களிடம் இருபத்திரண்டு பேர் வேலை செய்கிறார்கள். என்னிடம் பத்தொன்பது பேர். அவர்கள் முகத்தைத் தினமும் காலையில் பார்க்கிறவன் நான். இதை மனத்தில் வைத்துக்கொண்டுதான் மேற்கொண்டு படிக்க வேண்டும்.

கட்டண விஷயத்தில் நான் வாக்குத் தவறிவிட்டதாக நீங்கள் சொல்லிக்கொண்டிருப்பதும் என் காதுக்கு வந்தது. அதையும் இங்கேயே தீர்த்துவிடுகிறேன். போன மாதம் உங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில், யார் வந்து எப்படிக் கேட்டாலும் இறங்கும் கட்டணத்திலும் நிறுத்தும் கட்டணத்திலும் ஒரு பைசா குறைப்பதில்லை என்று நாம் கையடித்துக்கொண்டது உண்மைதான். மறுநாளே நான் நிறுத்தும் கட்டணத்தில் பத்து சதவீதம் விட்டுக்கொடுத்ததும் உண்மைதான். ஆனால் அதற்குப் பெயர் குறைப்பு இல்லை, அறிமுகச் சலுகை. அதை நான் வெளியில் யாரிடமும் சொல்லவில்லை, உங்கள் தங்கையிடம் மட்டும் சொன்னேன். உங்கள் தங்கையும் என் அக்காவும் தினமும் காலை பதினோரு மணிக்குப் போனில் பேசுகிறவர்கள் என்பதை நான் மறந்துவிட்டேன். அன்று மத்தியானமே நீங்கள் பதினைந்து சதவீதம் குறைத்துவிட்டீர்கள். நான் இருபது. நீங்கள் முப்பது. இப்படியே போனால் கம்பெனி நம் இருவரையும் பிழிந்து காயப்போட்டுவிடும் என்று தெரிந்தபோது, எனக்கு ஒரு நல்ல யோசனை தோன்றியது. இறங்கும் கட்டணம், நிறுத்தும் கட்டணம் இரண்டையும் நான் அடியோடு எடுத்துவிட்டதாக உங்கள் தங்கையிடம் ஒரு பொய்யைச் சொன்னேன். உங்களுக்கு ஒரு பயம் வரட்டும், போட்டியிலிருந்து ஒதுங்கட்டும் என்ற நல்லெண்ணம்தான். நீங்கள் ஒதுங்கவில்லை. அன்று மாலையே உங்கள் கட்டணத்தை நிஜமாகவே பூஜ்யமாக்கிக் கம்பெனிக்கு எழுதிவிட்டீர்கள். மறுநாள் கம்பெனி என்னைக் கூப்பிட்டு, "அவங்க சும்மாவே இறங்கிக்கச் சொல்றாங்க, நீங்க என்ன சார் சொல்றீங்க?" என்று கேட்டது. நான் என்ன சொல்வேன்? நானும் பூஜ்யம் என்றேன். கூடவே பைலட்டுக்குக் காபியும் உண்டு என்றேன். ஆக, நம் இருவரையும் இந்தக் கதிக்குக் கொண்டுவந்த பூஜ்யம் என் வீட்டுச் சமையலறையில் பிறந்தது என்பதை நான் மறைக்கவில்லை. பிறந்ததை எடுத்து வளர்த்தது நீங்கள்.

கம்பெனியின் சார்பில் வந்த அம்மாளை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். கழுத்தில் அடையாள அட்டையோடு ஒரு ஸ்டாப்வாட்சும் தொங்கும், அதனால் எங்கள் ஆட்கள் அவருக்கு ஸ்டாப்வாட்ச் மேடம் என்று பெயர் வைத்துவிட்டார்கள். என் கட்டணப் பட்டியலில் பூஜ்யம் போக மிச்சமிருந்ததை அவர் வரி வரியாகப் பேனாவால் தட்டித் தட்டிச் சண்டை பிடித்தார். "ஓடுபாதையில பாதி நீளந்தான் எங்களுக்கு வேணும், முழு நீளத்துக்கு எதுக்கு மெயின்டனன்ஸ் சார்ஜ்?" என்றார். மிச்சப் பாதியைச் சுருட்டி உள்ளே வைக்க முடியாது என்று விளக்கினேன். அடுத்து ஏணிக்கு வந்தார். "ஏணிக்குத் தனி சார்ஜா? வீட்டை வாடகைக்கு விட்டுட்டு வாசப்படிக்குத் தனியா வாடகை கேப்பீங்களா சார்?" என்றார். பயணிகளிடம் தண்ணீருக்குக் காசு, ஜன்னல் ஓரத்துக்குக் காசு, மடியில் வைத்துக்கொள்கிற பைக்குக் காசு வாங்குகிற கம்பெனி, தான் இறங்குகிற படிக்குக் காசு தர மாட்டேன் என்கிறது. எனக்கு வந்த கோபத்துக்கு அப்போதே எழுந்து போயிருப்பேன். ஆனால் என் அறையிலிருந்தே நான் எங்கே எழுந்து போவது? ஏணியும் இலவசம் என்று எழுதிக் கொடுத்தேன்.

அப்போதுதான் அவர் கடைசி நிபந்தனையைப் போட்டார். விமானம் வந்து நின்றால் இருபத்தைந்து நிமிஷத்துக்குள் ஆட்களை இறக்கி, புது ஆட்களை ஏற்றிக்கொண்டு கிளம்ப வேண்டும். அதற்கு முன் கதவுக்கு ஒரு ஏணி, பின் கதவுக்கு ஒரு ஏணி. "ரெண்டு ஏணி இருக்கா?" என்று கேட்டார். "ரெண்டு இருக்கு மேடம்" என்றேன். இதில் ஒரு பொய்யும் இல்லை. என்னிடம் ஒன்று இருந்தது, உங்களிடம் ஒன்று இருந்தது. செவ்வாய்க்கிழமை என் நிலையத்தில் ஒத்திகை, புதன்கிழமை உங்கள் நிலையத்தில் என்று அவரே தேதி குறித்தார். ஒரு நாள் இடைவெளி தாராளம் என்று எனக்குத் தோன்றியது.

திங்கட்கிழமை நீங்கள் தலைமை அலுவலகக் கூட்டத்துக்குப் போயிருந்தீர்கள். நான் அக்காவைக் கூப்பிட்டேன்.

"அக்கா, ஏணி ஒண்ணு வேணும்."

"எந்த ஏணி?"

"பிளேன் கதவுல வைக்கிறது."

"உங்க அத்தான் ஊர்ல இல்லையேடா."

"அதனாலதான் உங்கிட்ட கேக்குறேன்."

"எப்பக் கொண்டாந்து விடுவே?"

"நாளைக்குச் சாயங்காலம்."

"போன வருஷம் எடுத்துட்டுப் போன சூட்கேஸே இன்னும் வீடு வந்து சேரல."

"அது வேற, இது வேற அக்கா."

கூடப் பிறந்த தம்பி கேட்டு எந்த அக்கா இல்லை என்பாள்? ஆகவே அவளைக் கோபித்துக்கொள்ளாதீர்கள். உங்கள் கேட்டில் நிற்கிற செக்யூரிட்டி, மீசைக்காரர், ஒரு கேட் பாஸை நீட்டினார். பொருள் என்ற இடத்தில் ஏணி என்று எழுதினேன். எடுத்துச் செல்பவர் என்ற இடத்தில் மேனேஜரின் மைத்துனர் என்று எழுதினேன். காரணம் என்ற இடத்தில் சிறிது யோசித்து, சொந்த உபயோகம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மீசைக்காரர் அதை இரண்டு தடவை படித்தார். "வீட்ல மாடி உயரமோ?" என்று மட்டும் கேட்டுவிட்டு கேட்டைத் திறந்துவிட்டார்.

ஏணி என்றாலும் அது ஒரு வண்டிதானே, இன்ஜின் இருக்கிறது, ஸ்டீயரிங் இருக்கிறது. எங்கள் டிரைவரை உங்களுக்குத் தெரியும். எதற்குமே அவசரப்படாத மனிதர் என்பதால் அவரை நாங்கள் அவசரம் என்றுதான் கூப்பிடுவோம். அவசரம் அந்த அறுபது கிலோமீட்டரை ஆறு மணி நேரத்தில் கடந்தார். சைக்கிள்காரர்கள் எல்லாம் அவரைத் தாண்டிப் போய்விட்டுச் சந்தேகம் வந்து திரும்பிப் பார்த்தார்களாம். வந்து சேர்ந்ததும்தான் கவனித்தேன், இரு பக்கமும் உங்கள் நிலையத்தின் பெயர் பெரிய எழுத்தில். உடனே நீலப் பெயின்ட் வாங்கி வந்து அடித்து மறைத்து, எங்கள் பெயரை எழுதினோம். பெயின்ட் மிச்சமிருந்ததால் கைப்பிடிக்கும் அடித்தோம். உங்கள் ஏணி இவ்வளவு அழகாக இருந்து நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள்.

செவ்வாய்க்கிழமை ஒத்திகை பிரமாதம். விமானம் வந்தது, முன்னால் எங்கள் ஏணி, பின்னால் உங்கள் ஏணி. கம்பெனி ஆட்கள் முப்பது பேர் பயணிகள் மாதிரி இறங்கி, ஒரு சுற்றுச் சுற்றி, திரும்ப ஏறினார்கள். இருபத்து நாலு நிமிஷம், பத்து வினாடி. எங்கள் தீயணைப்பு ஆட்கள் நாலு பேரும் கைதட்டினார்கள். பதினோரு வருஷமாக ஒரு தீயும் கிடைக்காதவர்கள், எதற்காவது கைதட்டினால் போதும் என்றிருந்தார்கள். ஒரே ஒரு சின்னக் குறை. பெயின்ட் முழுவதும் காயவில்லை. பின் கதவு வழியாக இறங்கிய அத்தனை பேருடைய உள்ளங்கையும் நீலமாகிவிட்டது. ஸ்டாப்வாட்ச் மேடத்தின் வெள்ளை ஃபைலில் நாலு விரல் பதிந்துவிட்டது. அவர் அதைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். "உங்க கம்பெனி கலரே இதுதானே மேடம்" என்றேன். அவர் முகத்தில் சிரிப்பு மாதிரி ஒன்று வந்து போனது. மறுநாள் அவர் உங்களுக்குக் கை கொடுத்திருந்தால் உங்கள் கையிலும் ஒட்டியிருக்கும். மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்தால் போய்விடும்.

மாலையில் ஏணியை அனுப்பத் தயாரானபோதுதான் அது மடங்க மாட்டேன் என்றது. விமானக் கதவு உயரத்துக்குத் தூக்கிய படிகள் தூக்கியபடியே நின்றுவிட்டன. மெக்கானிக் அடியில் படுத்துப் பார்த்துவிட்டு, "இது இறங்காது சார், இதோட குணமே வேற மாதிரி இருக்கு" என்றார். உங்கள் ஏணியின் குணத்தைப் பற்றி நீங்கள் ஒரு வார்த்தை முன்னாலேயே சொல்லியிருக்கலாம். ஆனாலும் சொன்ன சொல் தவறக் கூடாது, சாயங்காலம் என்றால் சாயங்காலம் என்று அப்படியே அனுப்பிவிட்டேன். அவசரம் தலைக்கு மேலே ஒரு மாடி உயரத்தைச் சுமந்துகொண்டு பாதி வழி போயிருக்கிறார். ரயில்வே கேட்டுக்கு முன்னால் இருக்கிற இரும்புச் சட்டம் அவர் கண்ணில் பட்டிருக்கிறது. நிறுத்தலாமா வேண்டாமா என்று அவர் நிதானமாக யோசித்து முடிப்பதற்குள் ஏணி உள்ளே போய் இறுகிவிட்டது.

அதன் பிறகு அந்த ஏணியால் அங்குள்ள ஜனங்களுக்கு எவ்வளவு உபகாரம் என்று நினைக்கிறீர்கள்! ரயில் வருகிறதா என்று பார்க்க மேலே ஏறி நிற்கிறார்கள். எதிர்க்கடைக்காரர் தன் பெயர்ப் பலகையைத் துடைத்துக்கொண்டார். ஒரு போட்டோக்காரர் புதுத் தம்பதி ஒன்றை மேல் படியில் நிறுத்தி, வெளிநாட்டுக்குக் கிளம்புவதுபோல் கையசைக்கச் சொல்லிப் படம் எடுத்தாராம். கெடுதல் என்று சொன்னால் ஒன்றே ஒன்றுதான். அந்த ரோட்டில் வண்டி நிறுத்தக் குத்தகை எடுத்திருப்பவர் மணிக்கு ஒரு சீட்டுக் கிழித்து ஏணியில் செருகுகிறார். அவசரம் எவ்வளவோ சொல்லிப் பார்த்திருக்கிறார். "இது வண்டி இல்லீங்க, படி." "சக்கரம் இருக்கா?" "இருக்கு." "அப்போ வண்டிதான், காசை எடு." விமானம் நிறுத்த ஒரு பைசா வேண்டாம் என்று எழுதிக் கொடுத்த நாம் இருவரும், ஏணி நிறுத்தியதற்கு மணிக்கணக்கில் கட்ட வேண்டியிருக்கிறது. ஏணி உங்கள் சொத்துப் பதிவேட்டில் இருப்பதால் அந்தச் சீட்டுகளை உங்கள் பேருக்கே அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.

புதன்கிழமை காலை ஸ்டாப்வாட்ச் மேடம் காரில் உங்கள் நிலையத்துக்கு வந்துகொண்டிருந்தவர், அந்த நெரிசலில் ஒரு மணி நேரம் நின்றிருக்கிறார். எட்டிப் பார்த்தால் எங்கள் பெயர் எழுதிய ஏணி. உடனே எனக்குப் போன். "சார், உங்க ஏணி ரோட்ல நிக்குது." வேறு யாராயிருந்தாலும் அந்த இடத்தில் உளறியிருப்பார்கள். நான் ஒரு வினாடிகூட யோசிக்கவில்லை. "ஆமாம் மேடம், சோதனைக்கு அனுப்பியிருக்கேன். பயணிகளை வழியிலேயே ஏணி ஏறிப் பழக்கிட்டா ஏர்போர்ட்ல ரெண்டு நிமிஷம் மிச்சம்" என்றேன். அந்தப் பக்கம் பேனா ஓடுகிற சத்தம் கேட்டது.

அன்று பிற்பகல் மூன்று மணிக்கு உங்கள் நிலையத்தில் விமானம் இறங்கியதையும், இறங்க ஏணி இல்லாமல் முப்பது பேரும் உள்ளேயே உட்கார்ந்திருந்ததையும், கேன்டீன் மேஜைகளை ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கிப் பார்த்ததையும், கேப்டன் எட்டிப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டதையும், ஒன்றே முக்கால் மணி நேரம் கழித்து ஒருவருமே தரையில் கால் வைக்காமல் விமானம் திரும்பிப் போனதையும் உங்கள் தங்கை மறுநாள் பதினோரு மணிக்குப் பிறகு எனக்குச் சொன்னாள். வருத்தமாகத்தான் இருந்தது. ஆனால் அத்தான், இந்தத் தொழிலில் இருக்கிறவர்களுக்குச் சமயோசிதம் வேண்டும். உங்கள் வயதுக்கு நான் புத்தி சொல்லக் கூடாது. இருந்தாலும் சொல்கிறேன், ஒரே ஒரு ஏணியை நம்பி ஒரு விமான நிலையத்தை நடத்தக் கூடாது. உன் ஏணியை அனுப்பியிருக்கலாமே என்று கேட்பீர்கள். அனுப்பியிருப்பேன். அவசரம் ரயில்வே கேட்டில் மாட்டிக்கொண்டிருந்தார், ஓட்ட ஆளில்லை. தவிர, ஒரு நிலையத்தின் சொத்தை எழுத்து மூலமான உத்தரவு இல்லாமல் இன்னொரு நிலையத்துக்குக் கொடுப்பது விதிக்குப் புறம்பானது.

ஆகவே தளம் எனக்குத்தான் என்பதில் சந்தேகத்துக்கு இடமில்லை. இன்றோ நாளையோ உத்தரவு வந்துவிடும். விமானங்கள் வந்து நிற்கிற இடத்துக்கு இப்போதே வெள்ளைக் கோடு போடச் சொல்லிவிட்டேன். ஆறுக்குப் பதில் ஏழு போட்டிருக்கிறோம், எதற்கும் ஒன்று கூட இருக்கட்டும். நீங்கள் மனத்தைத் தளரவிடக் கூடாது. டிரைவிங் ஸ்கூல் என்றால் கேவலம் இல்லை. நீளமான நல்ல ரோடு, எதிரில் வண்டி வராது, கற்றுக்கொள்கிறவர்களுக்கு அதைவிட நல்ல இடம் அமையாது.

அக்காவுக்கு என் அன்பைச் சொல்லவும். உங்கள் தங்கை உங்கள் இருவரையும் நமஸ்கரிக்கிறாள். குழந்தைகள் மாமாவைக் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். உங்கள் உடம்பும் மனசும் ஒருசேர நன்றாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டு, உங்கள் ஆசீர்வாதத்தை எதிர்பார்க்கும்

மைத்துனன்.

பின்குறிப்பு: மேலே எழுதி முடித்து உறையில் போடும்போது ஸ்டாப்வாட்ச் மேடம் கூப்பிட்டார்.

"சார், தளம் உங்களுக்குத்தான். ஆர்டர் டைப் ஆகிட்டிருக்கு" என்றார். நான் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டேன். அவர் அதோடு நிறுத்தியிருக்கலாம். "அந்த ஏர்போர்ட்ல ஏணியே இல்ல சார். அந்த மேனேஜர்கிட்ட காரணம் கேட்டேன். 'ஏணி ரிப்பேர்ல போயிருக்கு, நான் முன்கூட்டியே பாத்திருக்கணும், என் கவனக்குறைவுதான், வேற யார் மேலயும் தப்பு இல்ல'ன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டார். ஒரு ஏணியை வச்சுக்கத் தெரியாதவர்கிட்ட ஆறு பிளேனை எப்படிக் குடுக்கறது?" என்றார். ஐந்து நிமிஷத்தில் கூப்பிடுகிறேன் என்று சொல்லி வைத்துவிட்டு அக்காவைக் கூப்பிட்டேன். அக்கா சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "கேட் பாஸைப் பாத்தாருடா. உன் கையெழுத்தைப் பாத்தாரு. மடிச்சு சட்டைப் பையில வச்சுக்கிட்டாரு. 'எங்க வீட்டு விஷயம் அந்தம்மாவுக்கு எதுக்கு'ன்னு மட்டும் சொன்னாரு. ரெண்டு நாளா சரியாவே சாப்பிடல."

அத்தான், ஓட்ட ஆளில்லை என்று மேலே எழுதினேனே, அது பொய். ஏணி எனக்கே ஓட்டத் தெரியும். புதன்கிழமை காலை ஏழு மணிக்கு எங்கள் ஏணி மடித்து வைத்தபடி சும்மா நின்றது. சாவி என் மேஜை டிராயரில் இருந்தது. அப்போது கிளம்பியிருந்தால் ஒரு மணிக்கு உங்கள் கேட்டில் இருந்திருப்பேன். தோன்றாமல் இல்லை, தோன்றியது. சாவியை வெளியே எடுத்து வைத்துக்கொண்டு காபி குடித்து முடிக்கும் வரை யோசித்தேன். பிறகு அதை உள்ளே போட்டு டிராயரை மூடினேன். விதியெல்லாம் பிற்பாடு தேடிக் கண்டுபிடித்தது. எனக்கு வெட்கமாக இருக்கிறது.

மேடத்தைத் திரும்பக் கூப்பிட்டு, ஏணி யாருடையது, யார் எடுத்தது, யார் பெயின்ட் அடித்தது எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன். "இதைச் சொல்லாம இருந்திருந்தா தளம் உங்களோடது சார்" என்றார். தெரியும் என்றேன். "ஏணி கடையில கிடைக்கும் சார். உங்க ரெண்டு பேர் சார்ஜும் ஒண்ணுதான், பூஜ்யம். நான் ஆர்டர்ல பேரை மாத்திடறேன்" என்றார். ஆகவே தளம் உங்களுக்கு. நான் மேலே எழுதியதில் பாதி தப்பு, மீதி பொய். கிழித்துப் போட்டிருக்கலாம். எழுதினவன் எப்படிப்பட்டவன் என்று நீங்களும் பார்க்க வேண்டும் என்றுதான் வைத்திருக்கிறேன்.

இனி உங்களுக்கு இரண்டு ஏணி வேண்டும். மெக்கானிக்கை ரயில்வே கேட்டுக்கு அனுப்பிவிட்டேன், அறுத்தாவது உங்கள் ஏணியை வெளியே எடுத்துவிடுவார். எங்கள் ஏணியை நானே ஓட்டிக்கொண்டு வருகிறேன். அதற்கு வாடகை உண்டு. இறங்குவதற்கும் நிறுத்துவதற்கும் நான் ஒன்றும் வாங்காதவன்தான், இதற்கு வாங்குவேன். தீயணைப்பு ஆட்கள் நாலு பேர், கோபுரத்தில் உட்கார்ந்து மழை இரைச்சலிலும் பைலட்டுக்குப் புரியும்படி பேசுகிற பெண், புல் வெட்டுகிறவர், கேன்டீன் அம்மா, மெக்கானிக், அவசரம், இன்னும் பத்துப் பேர். ஆறு விமானம் வந்து தங்கினால் உங்கள் இருபத்திரண்டு பேர் போதாது. இந்தப் பத்தொன்பது பேரையும் நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டும். பதினெட்டு என்று பேரம் பேசக் கூடாது. இதில் சலுகை கிடையாது.

என்னை அந்தப் பத்தொன்பதில் சேர்க்கவில்லை. தபாலில் போட்டால் கடிதத்தை ஏணி முந்திவிடும் என்பதால் இதைக் கையிலேயே கொண்டு வந்து அக்காவிடம் கொடுக்கிறேன். வீட்டுக்குள் வரமாட்டேன். நீங்கள் படித்து முடிக்கும் வரை வாசலில்தான் நிற்பேன். முடித்ததும் கூப்பிடுங்கள்.